மூன்றாவது துண்டு

என் பெரியப்பா மகள் திருச்சியில் இருக்கிறாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். வாரம் தவறாமல் போன் செய்வாள். போன வாரம் பேசும்போது, மகன் வீட்டு மொட்டை மாடிக்குத் தினமும் ஏறி இறங்குவதாகச் சொன்னாள். முட்டியில் வலியே இல்லையாம். "ஒனக்கு இன்னும் அந்த முட்டி வலிதானாடி?" என்று ஒரு கேள்வி வேறு. போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு மனசு ஆறவில்லை.

பொறாமை என்பீர்கள். ஆமாம், பொறாமைதான். நம் வயதுக்காரர்கள் கூடினால் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறோம், பிரஷரைப் பற்றிப் பேசுகிறோம், மருமகள்களைப் பற்றி நிறையவே பேசுகிறோம். இதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஏதோ நாமெல்லாம் யாரைப் பார்த்தும் வயிறெரியாமல் வளர்ந்து வந்த மாதிரி. எனக்கு அந்த நடிப்பு வராது. நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத்தான் வளர்ந்தேன். அது உச்சத்துக்குப் போனது எந்தக் கோடையில் என்றுகூடச் சொல்வேன். தோற்றுப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பா மறுபடியும் பஞ்சாயத்துத் தலைவரான வருஷத்துக் கோடை அது. அறுபதுகளின் தொடக்கம்.

திருமயத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி, ரோட்டிலே இறங்கி, பனைகளுக்கு நடுவில் நடந்தால் எங்கள் ஊர். ஊர் என்றால் ஒன்றல்ல. நடுவில் பெரிய கண்மாய். அதற்கு மேற்கே மேலவூர், கிழக்கே கீழவூர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பஞ்சாயத்து. நான் பிறந்தது மேலவூர். என்னைப் பெற்ற ஆத்தா பிறந்தது கீழவூர். கல்யாணமாகி அவள் கடந்து வந்தது ஒரு கண்மாயைத்தான். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் அவள் பிறந்த வீட்டு வேப்பமரம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரியும். ஆத்தா அடுப்பங்கரையில் இருந்து வெளியே வரும்போதெல்லாம் ஒரு தடவை அதைப் பார்த்துக்கொள்வாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்பெல்லாம் முடிந்து, சித்திரையில் கண்மாய் வற்றி, தண்ணீர் முழங்காலுக்கும் சேற்றுக்கும் இடையில் நிற்கும்போது, ஊர் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு விடியும்போதே நாலு கரையிலும் ஜனம் நிற்கும். கையில் ஊத்தா. மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை அது. சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு, உள்ளே துள்ளுகிற மீனைப் பிடிக்க வேண்டும். ஆனால் யாரும் கால் நனைக்கக் கூடாது. தலைவர் கரைமேல் ஏறி, வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீச வேண்டும். வீசினால்தான் கண்மாய் திறந்தது. அந்தக் கணத்தில் எழும் இரைச்சலைக் கேட்காதவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. பிடித்த மீனை யாரும் விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். அன்று சாயங்காலம் ஊருக்குள் எந்தத் தெருவில் நடந்தாலும் மிளகாயும் புளியும் கொதிக்கிற வாசனையும் சேற்று நாற்றமும் சேர்ந்து வரும்.

அந்தத் துண்டைச் சும்மா தோளில் போட்டுக்கொண்டு போகமாட்டார்கள். மடித்து, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, தலைவர் வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று முன்னால் ஏந்திக்கொண்டு நடக்கும். தாம்பாளம் ஊர்ச் சொத்து. ஓரத்தில் ஒரு நசுங்கல் இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் வெயிலில் கண் கூசும்.

எனக்கு நினைவு தெரிந்தபோது தலைவர் என் மாமா. ஆத்தாவின் அண்ணன், கீழவூர்க்காரர். அதற்கு முன்னால் நெடுங்காலம் தலைவராக இருந்த பெரியப்பாவைத் தோற்கடித்து வந்தவர். மாமாவுக்கு ஆண்பிள்ளைகள்தான். "தங்கச்சி மகதான் எனக்கும் மக" என்று சொல்லித் தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார். அவர் தலைவராக இருந்த வரைக்கும் நான்தான் தூக்கினேன். நீலம் போட்டு வெளுத்த துண்டின் வாசனை மூக்கில் ஏற, எதிரே நிற்கிற கூட்டம் எனக்காக ஒதுங்கி வழிவிட, அந்தக் கொஞ்ச தூரத்தை நான் எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடப்பேன். பெரியப்பா மகள் கரையோரத்தில் நின்று மாவடுவைக் கடித்துக்கொண்டிருப்பாள். அவள் முகம் மாவடுவினால் அப்படிப் புளித்ததா, என்னைப் பார்த்தா என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இன்னும் மெதுவாக நடப்பேன்.

பெரியப்பா அந்த வருஷங்களில் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. நாற்காலியைக் கூடத்தில் போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது கீழவூரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவுக தனியாப் போறதுன்னா போகட்டும்ப்பா. விட்டது பீடை" என்பார். மாமாவோ அப்போது கூட்டத்துக்குக் கூட்டம், "ஒரே கண்மாய்த் தண்ணியக் குடிக்கிறவங்க நாம, நமக்குள்ள மேலவூர் என்ன, கீழவூர் என்ன" என்று பேசுவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா பெரியப்பாவுக்கு ஒரே தம்பி. வயல்வேலை முழுக்க அப்பா பார்ப்பார். கோயில் மரியாதை, கல்யாண வீட்டில் முதல் பந்தி, தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் பேசுவது எல்லாம் பெரியப்பா. அப்பா தோளில் எப்போதும் துண்டு கிடக்கும். ஆனால் பெரியப்பா எதிரே வந்துவிட்டால் அது தோளிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போய்விடும். யாரும் சொல்லி அப்படிச் செய்தவர் இல்லை, கை தானாகப் போகும். பெரியப்பாவை யாராவது புகழ்ந்தால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். "குடிக்கத் தண்ணி குடு" என்பார். வாயில்லாப் பூச்சி என்று ஊரில் பேர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்த மனுஷன் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று தோன்றுகிறது.

மாமா தம் காலத்தில் கீழவூருக்கு ரோடு போட்டார். அதுதான் அவரைக் கவிழ்த்தது. மேலவூர்க்காரர்களுக்கு அந்த ரோட்டைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. அடுத்த தேர்தலில் பெரியப்பா ஜெயித்தார். வேட்டுச் சத்தம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும், கேட்க வேண்டும் என்றுதான் போட்டார்கள். மாட்டு வண்டியில் பெரியப்பாவை ஏற்றி, ரோஜா மாலை போட்டு, தெருத் தெருவாகக் கூட்டிப்போனார்கள். அவர் பக்கத்தில் அவர் மகள், என் அக்கா. புதுக்கோட்டையிலிருந்து வாங்கிவந்த பச்சைப் பட்டுப் பாவாடை. தலையில் எனக்கு எட்டாத அளவு கதம்பம். வண்டி எங்கள் வாசலைத் தாண்டியபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. முட்டி வலியைப் பற்றிக் கேட்டபோது போனில் வந்ததும் அதே சிரிப்புதான்.

அப்பா வண்டிக்குப் பின்னால் நடந்தார். துண்டு இடுப்பில் இருந்தது.

தோற்ற மறுமாதமே மாமா தனிப் பஞ்சாயத்து கேட்டார். அந்தக் காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எந்த மேடையில் பார்த்தாலும் தனிநாடு வேண்டும் என்று பேச்சு. சலூன் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அதே பேச்சு. நாடே பிரியலாம் என்கிறபோது ஒரு ஊர் பிரியக்கூடாதா என்று கீழவூர் இளவட்டங்களுக்குத் தோன்றிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகப் பஞ்சாயத்து ரேடியோவின் கம்பியை அறுத்துப் போட்டார்கள். கீழவூர்ப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு திங்கட்கிழமை வரவில்லை, அப்புறம் வரவேயில்லை. டீக்கடையில் ஒருவன் மண்டை உடைந்தது. போலீஸ் வேன் வந்து ஆலமரத்தடியில் நின்றது. கண்மாய் வற்ற வற்ற, நடுவில் பனைமட்டைகளை வரிசையாக ஊன்றி, "இதுக்கு அங்கிட்டு ஒங்களுது, இங்கிட்டு எங்களுது" என்று எல்லை கட்டினார்கள். மீன்கள் அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தன.

இப்போது பேச்சு மாறிவிட்டது. "தனியாப் போறோம், விடுங்க" என்று மாமா பேசினார். "ஒரே கண்மாய்த் தண்ணியக் குடிக்கிறவங்க நாம" என்று பெரியப்பா பேசினார். வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டதுபோல வசனத்தை மாற்றிக்கொண்டார்கள். பெரியவர்கள் யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை, எனக்குத் தாம்பாளக் கவலை.

தாம்பாளம் மாமா வீட்டில் இருந்தது. பெரியப்பா ஆள் அனுப்பிக் கேட்டார். "எங்க ஊர் மீன்பிடிக்கு எங்களுக்கு வேணும்" என்று பதில் வந்தது. மீன்பிடி நாளன்று மாமா தம் கரையில் தனியாகத் துண்டு வீசப்போகிறார் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பெரியப்பா கோபத்தில் டவுனுக்குப் போய் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று வாங்கிவந்தார். எங்கள் ஊருக்குள் வந்த முதல் எவர்சில்வர் அதுவாகத்தான் இருக்கும். அக்கா அதைக் கண்ணாடியாகப் பிடித்துப் பொட்டை நேராக்கிக்கொண்டாள். "தொட்டுப் பாருடி, கை ரேகை பதியாம" என்றாள். நான் தொடவில்லை. "பித்தளைதான் சாமிக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து, மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அப்படி ஒரு பளபளப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்து மாமாவே வந்தார். வாசலுக்குள் வரவில்லை, தொழுவத்து வேலியோரம் நின்றே ஆத்தாவைக் கூப்பிட்டார். நான் ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏ ஆத்தா, மீன்பிடி அன்னைக்கு ஒம் மகளை அனுப்பு. பழைய தாம்பாளத்தை அவதான் தூக்கணும்."

நான் ஆத்தாவின் சேலையை இழுத்தேன். ஆத்தா என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணே, அவரு அண்ணன் இங்கிட்டுத் துண்டு வீசையில, எம் மக அங்கிட்டு வந்து நின்னா நான் எப்படி இந்த வீட்டுல இருக்கிறது?"

"அதத்தான் கேக்குறேன். நீ எங்கிட்டு இருக்கே? அன்னைக்கு எங்கரையில வந்து நின்னா நீ எங்கூடப் பொறந்தவ. அங்கிட்டு நின்னுட்டா, பொறந்த வாசலை மறந்துரு. நான் மட்டும் சொல்லலை. ஊர்ல எல்லாரும் சேந்து முடிவு பண்ணியிருக்கு. இனிமே பொண்ணு எடுக்கிறது இல்லை, குடுக்கிறது இல்லை. குடுத்த பொண்ணும் ஒரு பக்கமா நிக்கட்டும்னு."

மாமா போன பிறகு, மணக்க மணக்கப் பூ வைத்துக்கொண்டு பெரியாத்தா வந்தாள், பெரியப்பாவின் சம்சாரம். மாமா வந்துபோனது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஒம் பொறந்த வீட்டுப் பாசம் எங்களுக்குத் தெரியாதா? போறதுன்னா போ. ஆனா போனா அங்கிட்டே இருந்துக்க, திரும்பி வந்து எங்களுக்குச் சங்கடம் வைக்காதே" என்று சிரித்தபடியே சொன்னாள்.

அன்றைக்கு ஆத்தா உலை வைக்க மறந்துவிட்டாள். அப்பா வயலிலிருந்து வந்து பார்த்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேலே பானை இல்லை. ஆத்தா நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நான் எங்கிட்டுங்க நிக்கிறது?" என்று கேட்டாள். அழுது கேட்கவில்லை. சாதாரணமாக, வெளியூர் போகும் வழியில் எந்த பஸ் ஏறுவது என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

அப்பா தண்ணீர் வாங்கிக் குடித்தார். "கலிங்குல நிப்போம்" என்றார்.

கலிங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்துபோகும் கல் கட்டு. வடக்கே, இரண்டு ஊருக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடத்தில் உயரமாக இருக்கும். ஓரத்தில் அய்யனார் கோயில், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் மண் குதிரைகள். ஒரு குதிரையின் வாய்க்குள் வருஷா வருஷம் குளவி கூடு கட்டும். முந்தின வருஷம் நான் அதற்குள் குச்சியை விட்டுப் பார்த்து, கன்னத்தில் கொட்டு வாங்கினேன். ஆத்தா வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைக் கட்டைவிரலால் வழித்து, "இனிமே விடுவியா குச்சிய, விடுவியா" என்று கேட்டுக் கேட்டு அப்பினாள். மருந்து போட்டாளா, அடித்தாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

எனக்குக் கலிங்கில் நிற்க இஷ்டமில்லை. கலிங்கில் வெளியூர்க்காரர்கள்தான் நிற்பார்கள். அங்கே தாம்பாளமும் கிடையாது, வழிவிடுகிற கூட்டமும் கிடையாது. மாமா பக்கம் அனுப்புங்கள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஆத்தா மூன்றாவது நாள் வெறும் கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். நான் போகாததால் மாமா தம் சம்சாரத்தின் அண்ணன் மகளை வரவழைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இலுப்பூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் கண்மாயில் கால்கூடக் கழுவாதவள். ஆக, ஒருத்தியைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தவள் இரண்டு பேரைப் பார்த்து எரிய வேண்டியதாயிற்று.

மீன்பிடி நாள் வந்தது. விடியும்போதே வெயில் சுள்ளென்று இருந்தது. கலிங்கில் நின்றால் எல்லாம் தெரியும். மேற்குக் கரையில் மேலவூர்க் கூட்டம், நடுவில் பெரியப்பா, அவர் முன்னால் பச்சைப் பாவாடை, அதன் கையில் கண்ணைப் பறிக்கும் எவர்சில்வர். கிழக்குக் கரையில் கீழவூர்க் கூட்டம், மாமா, என்னுடைய பித்தளைத் தாம்பாளம், அதைப் பிடித்திருக்கவும் தெரியாத ஒரு பெண். நடுவில் பனைமட்டை வரிசை. போலீஸ்காரர்கள் கொஞ்சம் பேர், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு.

என் பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர், "என்னப்பா இது, ஊத்தாவுக்குள்ள அரிவாள் வச்சிருக்கானுக" என்று அப்பாவிடம் சொன்னார். பார்த்தேன். மாமா பக்கத்து இளவட்டங்களின் ஊத்தாவுக்குள் வெயில் பட்டு ஏதோ மின்னியது. மேற்கிலும் மின்னியது. பெரியப்பா துண்டு வீசினால் மேலவூர் இறங்கி மட்டையைத் தாண்டும். தாண்டினால் வெட்டுவார்கள். மாமா முதலில் வீசினாலும் அதேதான். இரண்டு பேருக்கும் முதலில் வீச வேண்டும், இரண்டு பேருக்கும் பயம். அவர் எடுப்பாரா என்று இவர் பார்க்க, இவர் எடுப்பாரா என்று அவர் பார்க்க, நேரம் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை ஜனமும் பேச்சுமூச்சில்லாமல் வெள்ளையாக ஏதாவது அசையாதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எவர்சில்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கீழே விழ வேண்டும் என்று அய்யனாரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

மேற்கே பெரியப்பா கை தாம்பாளத்துக்குப் போனது. கிழக்கே மாமா கையும் போனது. ஆத்தா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் கிழக்கையும் பார்க்கவில்லை, மேற்கையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

அப்பா மேற்கே பார்த்தார். கிழக்கே பார்த்தார். பிறகு ஆத்தாவைப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். கலிங்குக் கல்லின் மேல் ஒரு எட்டு வைத்து ஏறினார். கை மேலே போனது. அப்பா அவ்வளவு உயரம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. தலைக்கு மேல் துண்டு ஒரு தடவை சுழன்றது, இன்னொரு தடவை சுழன்றது.

கலிங்கில் நின்ற வெளியூர்க்காரர்களுக்கு யார் தலைவர், யார் தம்பி என்றெல்லாம் தெரியாது. வெள்ளைத் துண்டு தெரியும். ஒரே இரைச்சலாக இறங்கினார்கள். கல் அதிர்ந்தது. அவர்கள் இறங்கியதைப் பார்த்து மேலவூர் இறங்கியது, கீழவூர் இறங்கியது. வெளியூர்க்காரன் நம் மீனை அள்ளிக்கொண்டு போவதை எந்த ஊர்க்காரன் பார்த்துக்கொண்டு நிற்பான்? பனைமட்டைகள் எப்போது சாய்ந்தன என்று யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோர் மேலும் ஒரே சேறு. எவன் மேலவூர், எவன் கீழவூர் என்று அவன் பெண்டாட்டியே வந்தாலும் சொல்ல முடியாது. அரிவாள் வைத்திருந்த பையன் ஒருவன், விரால் ஒன்று கையை விட்டு நழுவியதில் அரிவாளைச் சேற்றிலே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அதன்மேல் விழுந்ததை நான் பார்த்தேன். போலீஸ்காரர் ஒருவர் பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கினார்.

மேற்கே அக்கா எவர்சில்வரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். துண்டு மடிப்புக் கலையாமல் அதிலேயே இருந்தது. கூட்டம் இடித்துக்கொண்டு ஓடியதில் பட்டுப் பாவாடை முழுக்கச் சேறு. அவள் ஓவென்று அழுவது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. என் வாழ்நாளில் அதைப்போல மனம் குளிர்ந்து நான் நின்ற நேரங்கள் குறைவு.

அப்பா கல்லிலிருந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. அவர் முகத்தில் ஒரு களை இருந்தது. மாட்டு வண்டியில் மாலையோடு போனபோது பெரியப்பா முகத்தில் நான் பார்த்த அதே களை. ஆத்தா கண்ணைத் திறந்து கண்மாயைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்னங்க செஞ்சீங்க?"

"குளவி" என்றார் அப்பா. "காதுகிட்ட வந்துச்சு. வெரட்டுனேன்."

நான் போய்க் குதிரையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். அந்தப் பங்குனியில் குதிரைகளுக்கு வர்ணம் பூசியிருந்தார்கள். பூசுவதற்கு முன் புகை போட்டுக் கூட்டைக் கலைத்திருக்க வேண்டும். உள்ளே புது வெள்ளை பூசிச் சுத்தமாக இருந்தது, குளவி இருந்த தடமே இல்லை. திரும்பினால் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆத்தாவுக்காகச் செய்தாரா, அண்ணன்மேல் இருந்த அத்தனை வருஷத்து எரிச்சலில் செய்தாரா என்று நானும் இவ்வளவு காலம் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். என்னைப் பெற்றவர் அல்லவா. அந்தத் தண்ணீரெல்லாம் உள்ளே போய் எங்கேதான் சேர்ந்திருக்கும்?

ஊரில் அப்புறம் அது பெரிய வழக்காக ஓடியது. பெரியப்பா துண்டுதான் முதலில் உயர்ந்தது என்று மேலவூரில் சத்தியம் செய்தார்கள். மாமா துண்டுதான் என்று கீழவூரில் சத்தியம் செய்தார்கள். மூன்றாவதாக ஒரு துண்டு இருந்தது என்று சொல்ல இரண்டு பக்கமும் ஆள் இல்லை. கீழவூருக்குத் தனிப் பஞ்சாயத்து சில வருஷம் கழித்து வந்தது. எங்கோ டவுனில் ஓர் ஆபீஸர் கையெழுத்துப் போட்டார், சண்டையும் இல்லை, வேட்டும் இல்லை. அதற்குள் இரண்டு ஊரிலும் பெண் எடுத்துக் கொடுத்து எல்லாம் பழையபடி கலந்துவிட்டது. பித்தளைத் தாம்பாளம் எங்கே போனதென்று தெரியவில்லை. எவர்சில்வர் இன்னும் அக்காவிடம் இருக்கிறது, திருச்சியில். அதில்தான் எனக்குப் பலகாரம் வைத்துக் கொடுப்பாள், வேண்டுமென்றே.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டில் பயம்தான் இருந்தது. அப்பா கல்லின் மேல் ஏறியதைப் பெரியப்பா பார்த்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். மாமாவும் விசாரிக்கிறார் என்றார்கள். வேண்டுமென்று செய்தது என்று தெரிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவைத் தள்ளிவைத்திருப்பார்கள். அதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை வந்திருக்கும்.

தெருமுனையில் பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ஆத்தா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

"கழுத்தக் காட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"குளவி கொட்டுனா வீங்கும். வீங்கலைன்னா கேப்பாங்க."

காதுக்குக் கீழே ஓர் இடத்தை நகத்தால் நன்றாகக் கிள்ளினாள். அப்பா முனகினார். சிவந்ததும் சுண்ணாம்பை வைத்து மூடினாள். மூடி முடிப்பதற்கும் பெரியப்பா உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. அப்பா எழுந்தார், கை தோளுக்குப் போனது, துண்டு இடுப்புக்குப் போனது.

"கலிங்குல நீ எதுக்குடா துண்டத் தூக்குன?"

"குளவிண்ணே."

பெரியப்பா குனிந்து பார்த்தார். அந்த வெள்ளைப் பூச்சையும் ஓரத்துச் சிவப்பையும் வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா, நம்புவது வசதி என்று நினைத்தாரா, தெரியாது. "பாத்து நிக்கக் கூடாதாடா" என்று சொல்லிவிட்டு, கூட வந்தவனிடம் கெண்டை மீனைக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தெரு திரும்பவும் கொல்லை வழியாக மாமாவின் மூத்த மகன் ஈரத்தோடு வந்தான். "அத்தைக்கு அப்பா குடுக்கச் சொன்னாரு" என்று ஒரு விராலை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடினான். ஆத்தா அதை எடுத்துக் கழுவினாள். பிறகு கெண்டையையும் விராலையும் ஒரே சட்டியில் போட்டாள்.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இனி யாரும் வரப்போவதில்லை. ஆத்தா அப்பாவைத் தூணோரம் உட்காரவைத்து, அவர் இடுப்பிலிருந்த துண்டை உருவி, அதன் நுனியைத் தண்ணீரில் நனைத்தாள். சுண்ணாம்பு தோலை அரித்துவிடும் என்று, கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தாள். தான் கிள்ளிய இடத்தில் வாயால் ஊதினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.

நான் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, எவர்சில்வர், பித்தளை, இலுப்பூர்க்காரி எல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. எனக்கு நிஜமாகவே குளவி கொட்டியபோது அவள் அப்படி ஒரு தடவைகூட ஊதவில்லை.